சட்டைக் கணக்கு

நெப்ராஸ்கா, 1943

இடது காது கேட்காதென்று
படையில் என்னைக் கழித்துவிட்டார்கள்.
ஹார்லன் க்ரீக் கல்லூரி அணிக்குச்
சட்டைக் கணக்கு எழுத
ஒரு காது போதும்.

கால்பந்து என்று பெயர்தான்.
கால் படுவது எப்போதாவது.
முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கி
மோதி, விழுந்து, எழுந்து
கெஜம் கெஜமாக நிலம் பிடிக்கிற ஆட்டம்.
அந்த வருஷம் செய்தித்தாளும்
அதே பாஷைதான் பேசியது.

செப்டம்பரில் முப்பத்தோரு சட்டை கொடுத்தேன்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து.
முதல் ஆட்டம் ஜெயித்தோம்.
இரண்டாவதற்குள்
கடற்படை ஒன்பது பேரைக் கூட்டிப்போனது.
எட்டுப் பேர் துவைத்து மடித்துத் தந்தார்கள்.
டெல்மர் ஷ்ரோடர் மட்டும்
புல்கறையோடு மேசையில் வீசி,
"வந்து துவைக்கிறேன்" என்றான்.

பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ் கிடையாது.
மூன்றாம் ஆட்டத்துக்குப் பன்றி ஏற்றும் லாரியில் போனோம்.
எதிரணி மூக்கைப் பொத்தியதால்தான்
இரண்டு முறை கோட்டைக் கடந்தோமென்று
பயிற்சியாளர் ப்ரூபேக்கர் சிரித்தார்.
அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்.

இருபத்தேழாம் எண்ணை
அந்தப் பருவத்தில் மூவர் போட்டார்கள்.
முதலில் வெண்டெல் ஓஸ்டர்கார்ட், மலை மாதிரி.
அடுத்து வேதியியல் படித்த க்ளெய்ட்டன்;
கண்ணாடியைக் கழற்றினால்
பந்தும் தெரியாது, வருகிற ஆளும் தெரியாது,
அதனாலேயே பயமும் தெரியாது.
கடைசியில் லூமிர் ஹவ்லிசெக்.
காற்றாய் ஓடுவான்,
எந்தப் பக்கம் என்பதில்தான் சந்தேகம்.
மூன்று தோளுக்கும்
ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை.
மைதானத்துக்கு அப்பால் அறுத்த சோளத்தாள்.
எங்களுக்கு ஒன்பது பேர்.
செயின்ட் ஆல்பனுக்குப் பதின்மூன்று.
அவர்களின் தலைவன் நடந்து வந்து
"இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான்,
கைமாற்றாகச் சர்க்கரை கொடுப்பதுபோல.
வந்த இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான்
எங்கள் சட்டையைக் கொடுத்தேன்.
அவர்களில் ஒருவன், பெயர் ஆர்லோ,
தன் கல்லூரிக்கு எதிராகவே
கோட்டைத் தாண்டி விழுந்தான்.
இரண்டு பெஞ்சும் எழுந்து நின்றன.
எதற்கு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.
பதின்மூன்றுக்கு ஆறு. தோற்றோம்.

அன்றிரவே லூமிருக்கு ரயில்.

டிசம்பரில் எண்ணினேன்: முப்பது.
டெல்மருடையது தவிர எல்லாம் துவைத்தவை.
இருபத்தேழைக் காணோம்.
குளிருக்குக் கோட்டுக்குள் போட்டுப் போனவன்
அப்படியே போய்விட்டான்.
"விதி விதிதான். அபராதம் எழுது" என்றார் ப்ரூபேக்கர்.
இரண்டு டாலர் நாற்பது சென்ட்.
எழுதினேன்.
கடிதம் முகாம் முகாமாக
அவன் பின்னாலேயே அலைந்தது.

பதில் வந்தது
நாற்பத்தைந்து மார்ச்சில்.
லூமிரின் கையெழுத்தில்லை.
செக் மொழி எட்டிப்பார்க்கும் ஆங்கிலத்தில்
அவன் அம்மா எழுதியிருந்தாள்:
பெட்டி வந்தது.
மேலாக அந்தச் சட்டை இருந்தது.
உங்கள் கடிதம் அதன் மடிப்புக்குள்.
சட்டையை நான் வைத்துக்கொள்கிறேன்.
பாக்கியை அனுப்புகிறேன்.
தோள் தையல் யார் போட்டது? நன்றாக இருக்கிறது.

கூடவே
மூன்று சென்ட் தபால்தலை எண்பது,
கிழிக்காத தாளாக.
மகனுக்கு எழுதவென்று
வாங்கி வைத்திருந்தவையாக இருக்கும்.

ஏட்டில் இரண்டே கட்டம்:
திரும்பியது. திரும்பவில்லை.
பேனாவில் மை காய்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு என் பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டேன்.
ரசீது எழுதினேன்.
தையல் என்னுடையதென்றும் எழுதினேன்.
தபால்தலைகளைத் திருப்பி அனுப்பினேன்,
எழுபத்தொன்பது உறைக்குள்ளே,
ஒன்று உறைமேல்.