பாதி இறக்கிய ஷட்டர்

ஜெபநேசா,
நீ கொடுத்த பென்டிரைவை
டானிங்டன் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிற நேரத்தில் பார்த்தேன்.
இரண்டு தடவை.
முதல் தடவை தோழியாக. அதைக் கணக்கில் சேர்க்காதே.

மூன்றாம் நிமிடம்.
திரையின் மூலையில் துப்பாக்கிக் குண்டுகளின் எண்ணிக்கை
முப்பது முப்பது என்று நின்றுகொண்டே இருக்கிறது.
அம்மா சோறு போடுகிற காட்சியில்
குண்டு எதற்கு?
செட்டிங்ஸில் அணைக்கலாம். தெரியாவிட்டால் கேள்.

உதட்டசைவும் உன் குரலும்
ஒரே பஸ்ஸில் ஏறவே இல்லை.
திருத்த முடியாது, அது ஆட்டம் கொடுத்த வாய்.
பேசுகிறவரை முதுகு காட்டி நிறுத்து,
கேட்கிறவர் முகத்தைக் காட்டு.
எங்கள் வீட்டிலும் முக்கியமானதையெல்லாம்
அடுப்பைப் பார்த்தபடிதான் சொன்னார்கள்.

மூடுபனி தப்பு.
பொத்தானை அழுத்தி எங்கும் ஒரே அளவாக
வெள்ளையடித்து வைத்திருக்கிறாய்.
கோத்தகிரியில் பிறந்தவன் செய்கிற வேலையா?
அது மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறி வரும்.
முதலில் சில்வர் ஓக்கின் இடுப்பு,
அப்புறம் பேக்டரிக் கூரை,
கடைசியில்தான் எதிரில் நிற்கிற ஆள்.
கேமராவைத் தாழ வைத்துக் காத்திரு.

ஒன்பதாம் நிமிடம், காற்றுச் சத்தத்துக்குள்ளே
உங்கள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது.
அழிக்கச் சொல்லத்தான் குறித்து வைத்தேன்.
வேண்டாம், இருக்கட்டும்.
அந்தப் பொம்மைகளுக்கும் பசிக்கும் என்று
அப்போதுதான் நம்பினேன்.

சண்டைக் காட்சி நீளம். உனக்கே தெரியும்.
ஹெலிகாப்டர் எதற்கென்று கேட்கப்போவதில்லை.
கிடைத்தது, ஓட்டினாய்.

காட்டெருமை கிடைக்கவில்லை, மான்தான் இருந்தது என்றாய்.
பரவாயில்லை. அந்த மான் தேயிலைக்குள் நின்று
திரும்பிப் பார்க்கிறதே, இன்னும் இரண்டு நொடி கொடு.

இப்போது கடைசி.
லாரி வளைவில் தடுப்பை உடைத்துக்கொண்டு போகிறது.
கருப்புத் திரை. பெயர்கள். வயலின்.
இலவசமாகக் கிடைத்த வயலின் என்று
வயலினே சொல்கிறது.

பென்டிரைவில் நீ அழிக்க மறந்த
இன்னொரு கோப்பு இருந்தது.
கேட்காமல் திறந்தேன், திட்டிக்கொள்.

வெட்டாத டேக்.
லாரி விழுகிறது. ஏழு நொடி ஒன்றுமில்லை.
பிறகு, ஆட்டத்தின் விதிப்படி
அவன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான்.
சட்டை கசங்கவில்லை.
கைக்காசு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.
எந்தப் பக்கம் போகட்டும் என்பதுபோல நிற்கிறான்.
நீ அவனை நடத்தவில்லை.
கன்ட்ரோலரில் விரல் படவே இல்லை.
நாற்பது நொடி, அவன் மூச்சு விடுகிறான்,
ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறான்,
ஒரு தடவை கேமராவைப் பார்க்கிறான்.
யாரைப் பார்க்கிறான் என்று
நான் சொல்ல வேண்டியதில்லை.

குஞ்சப்பனைக்கு மேலே அந்த வளைவை
வாரம் ஒரு தடவை பஸ்ஸில் கடக்கிறேன்.
புதுச் சுவர், மஞ்சளும் கருப்புமாய்ப் பட்டை.
அந்த இடத்தில் மட்டும் செல்போனைப் பார்ப்பேன்.
உன் தம்பி பெயரைப் படத்தில் எங்கும் நீ போடவில்லை.
அது சரி. நானும் இங்கே எழுதவில்லை.

செத்தவன் எழுந்து நின்றால்
சிரிப்பார்கள் என்று வெட்டியிருப்பாய்.
சிரிக்கத்தான் செய்வார்கள்,
முதல் பத்து நொடி.
அப்புறம் முப்பது இருக்கிறதே.

வயலினைத் தூக்கிவிட்டு அதை வை.
அல்லது வைக்காதே; உன் படம்,
நான் கல்யாணம் வெட்டுகிறவள்.
எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு
காலி நாற்காலிகள் பதிவான இடத்தை
இத்தனை வருஷமாக நானும்தான் தூக்கிப் போட்டேன்.

ரெண்டர் எழுபத்தோரு சதவீதத்தில் நின்றுபோயிருக்கிறது.
மறுபடி முதலிலிருந்து.
வெளியே எதிர்க்கடை விளக்கு தெரியவில்லை,
பனி படி வரைக்கும் வந்துவிட்டது.

ஹெலிகாப்டரைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்றேன்.
எடுத்துவிடு.

— யோகமலர்