கூட்டல் பக்கம்

ஏலத்தில் எடுத்த இயந்திரம்.
மூடிப்போன தொழிற்சாலையின் தூசி
இன்னும் அதன் மடிப்புகளில்.
எல்கோய்பாரில் மூன்று நாளாகத் தூறல்.
தேபா ஆறு பட்டறையின் பின்சுவரை உரசிக்கொண்டு போகிறது.
பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிடுங்கிவிட்டுப்
புதியதைப் பூட்டினோம், நானும் ஒய்யானேயும்.
இனி அதற்கு எல்லாம் முதலிலிருந்து சொல்லவேண்டும்:
எது மேல், எது வலம், எங்கே போய் நிற்பது.

முதலில் இசட்.
சுழல்தண்டு ஏறி, சுவிட்சைத் தொட்டு,
சுட்டுக்கொண்டாற்போல் மூன்று மில்லிமீட்டர் விலகி,
மறுபடி மெதுவாகத் தொட்டது.
பூஜ்யம்.
ஒய்யும் தகராறு பண்ணவில்லை.

எக்ஸ்தான்.
கூட்டல் பொத்தானை அழுத்தினால்
மேசை இடப்பக்கம் நகர்ந்தது.
கூட்டல் என்றால் வலம், ஐந்தாம் வகுப்புக்கே தெரியும்.
திரையில் ஓர் எண்ணை மாற்றினேன், பூஜ்யத்தை ஒன்றாக.
மேசை சொன்னபடி கேட்டு வலப்பக்கம் வந்தது.
சுவிட்சு மறுகோடியில் இருந்தது.
புதுத் துளை போட்டு இந்தக் கோடியில் திருகினேன்,
என் தவறு எங்கும் முட்டிக்கொள்ளாதபடி.

எதையாவது எழுதிப் பார் என்றாள் ஒய்யானே.
அலுமினியத் துண்டில் மூன்றே எழுத்து: AMA.
எங்கள் பாஸ்க் மொழியில் அம்மா.
அப்பழுக்கில்லாமல் விழுந்தது.
கைதட்டினோம். ஆளுக்கொரு கோப்பை சிட்ரா.

மறுநாள் வெண்கலம்.
ஒந்தாரோவா கேபாவின் படகுக்குப் பெயர்த்தகடு,
GOIZEKO, காலைக்கு உரியது.
நாற்பது நிமிடம். சீவலை ஊதித் தள்ளினால்
K எனக்கு முதுகு காட்டி நிற்கிறது.
G-யின் வாய் எதிர்த்திசையில் பிளந்திருக்கிறது.
கண்ணாடியில் மட்டும் காலை.

AMA ஏன் சொல்லவில்லை?
எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அதேதான்.
சோதிக்க அதைப் போய்ப் பிடித்தேனே.

கேபா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்:
"முகப்பில் மாட்டு, கடல் நேராகப் படித்துக்கொள்ளும்."
இல்லை கேபா,
தண்ணீர் தலைகீழாக்கும், இடவலம் மாற்றாது.
அது வேறு அச்சு.

ஒய்யானே என் சுட்டுவிரலைப் பிடித்து
கட்டர் முனைக்குக் கீழே வைத்தாள்.
"மேசையைப் பார்க்காதே. நீதான் கட்டர்.
தகடு உன் அடியில் இடப்பக்கம் போகிறது.
நீ எங்கே போகிறாய்?"
வலப்பக்கம்.
பில்பாவோ ரயிலில் உட்கார்ந்துகொண்டு
ஸ்டேஷன் கிளம்பிவிட்டது என்றவள் நான்.
நகர்வது மேசை,
கணக்கு நகராத முனையின் பேரில்.

ஒன்றை மறுபடி பூஜ்யமாக்கினேன்.
சுவிட்சைக் கழற்றிக்கொண்டு மறுகோடிக்குப் போனால்
பழைய திருகுத் துளைகள் கிரீஸ் அடைத்துக் காத்திருந்தன.
யாரோ சரியான பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.

இப்போது வீடு வலது மூலையில், உச்சியில்.
அங்கே எல்லாம் பூஜ்யம், வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.
வேலை முழுவதும் கழித்தலில்.
கேபாவின் இரண்டாம் தகடு
கழித்தல் இருநூற்றுப் பதினான்கில் தொடங்குகிறது.
AMA-வை மட்டும் திரும்ப வெட்டவில்லை.

முதல் வெண்கலத்துக்கு யார் காசு என்று
ஒய்யானே இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.