புட் ஓஃப்

இரண்டு சின்னச் சொல்.
ஒன்று வைக்கும், மற்றது அகலும்.
பதினோரு வருடமாகத் திருகோணமலைக் கோட்டில்
நீதிபதியின் வாயிலிருந்து அதை ஏந்தி
கூண்டில் நிற்பவரின் காதில் இறக்குகிறேன்:
தள்ளி வைக்கப்படுகிறது.

இங்கிலீஷ்காரன் வைத்துவிட்டுத் தள்ளுகிறான்.
நாங்கள் தள்ளிவிட்டு வைக்கிறோம்.
வித்தியாசம் அவ்வளவுதான்.
வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மேலே கடகடக்கும் காற்றாடி.
"ஃபேனைப் புட் ஓஃப் பண்ணுங்கோ" என்பார் அப்புக்காத்து.
நான் பெயர்க்க வேண்டியதில்லை,
பியோன் நூர்தீன் எழும்பி அணைத்துவிடுவான்.
அணைத்தல் எங்களுக்குத் தழுவலும்தான் என்பது
அந்தச் சொல்லுக்குத் தெரியாது.

கந்தளாய்க்காரர் ஒருவர் சாட்சிக்கு வந்தார்.
மிச்சக் காசு கேட்டதற்கு
மட்கோச் சந்தியில், மழைக்குள்,
கண்டக்டர் இறக்கிவிட்டானாம்.
அதற்கும் அதே இரண்டு சொல்.
ஆனால் இந்த முறை இடையில் ஆள் வர வேண்டும்.
எழுதிப் பார்த்தேன்:
புட் இந்தப் பக்கம், ஓஃப் அந்தப் பக்கம்,
நடுவில் ஒரு மனிசன், குடையில்லாமல்.

இன்னொரு நாள்
குறுக்கு விசாரணை சூடு பிடித்த நேரம்
கோட்டையடியிலிருந்து அலைந்து வந்த மான் ஒன்று
ஜன்னலால் தலையை நீட்டி
பைல் கட்டிய சிவப்பு நாடாவை மென்றது.
அப்புக்காத்துக்குக் கேள்வி மறந்துபோனது.
அதற்கும் அந்தச் சொல்தான் என்று
தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சொன்னார்.
சாட்சி என்னவோ மானைப் பார்த்துக்கொண்டே
உண்மையைச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் பார்சலை அவிழ்த்தால் கருவாடு.
அடுத்த மேசை ரேணுகாதேவி மூக்கைப் பொத்தினாள்.
அதற்கும்.
நான் ஒன்றும் பேசாமல்
இடப்பக்கத்தால் மட்டும் மென்றேன்.

தோப்பூர் ஜெசீமாவின் காணி வழக்கு
நான் வேலைக்கு வந்த கிழமை தொடங்கியது.
தவணைக்குத் தவணை மூதூரில் லோஞ்ச் ஏறி வருவா.
கார்த்திகையில் வாடை எழும்பினால் லோஞ்சும் தள்ளிப் போகும்,
அன்றைக்குக் கிண்ணியா சுற்றி பஸ்.
வந்து சேர்ந்தால்
எதிராளிக்குச் சுகமில்லை.
நில அளவையாளர் லீவு.
வரைபடம் வேறு பைலுக்குள்.
நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

"இண்டைக்கும் தள்ளியாச்சா, முதலியார்?"

அந்தக் குரலில் கோபமே இருக்காது.
எனக்கு அது ஒரு மாதிரி இருக்கும்.
திட்டினால் பெயர்த்துவிடலாம்.

போன தவணைதான் காரணம் சொன்னா.
"தள்ளுற ஒவ்வொரு தரமும் அந்தக் காணியில
ஒரு தென்னம்பிள்ளை வெச்சன்.
முப்பத்தேழு. மாடு திண்டது நாலு.
முதல் வெச்சது காய்ச்சிட்டு."
பையைத் திறந்தா. உரிக்காத தேங்காய் இரண்டு.

கோட்டு உத்தியோகத்தன், வாங்கக் கூடாது.
விரல் நுனியால் மேசை ஓரத்துக்கு நகர்த்தினேன்.
ஜெசீமா சிரித்தா.
"பாருங்க, நீங்களும்."

பதினோரு வருடம்
நான் 'தள்ளி'யைக் கூவிக்கொண்டு நின்றிருக்கிறேன்.
அவ பின்னால் கிடந்த 'வை'யைப்
பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறா.

பிறகு தேங்காய்களை நூர்தீன் கொண்டுபோனான்.
அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

இப்போது இரவு. உவர்மலைக்குக் கீழே
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒரு தரம் ஊதி ஓய்ந்தது.
விளக்கை அணைத்துவிட்டுக் கிடக்கிறேன்.
வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது.
பல் வைத்தியரிடம் மூன்று தரம் நாள் குறித்தேன்,
மூன்று தரமும் நானே போன் பண்ணி
எனக்கு நானே தவணை வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு மொழி பேசிப் பிழைக்கிற நாக்கு
இருட்டில் தானாகப் போய் அதைத் தள்ளுகிறது.
தள்ளிவிட்டு
இருந்த இடத்திலேயே வைக்கிறது.
வியாழக்கிழமை, என்கிறேன்.
இல்லை, வாடை ஓயட்டும்.