மூன்று மணிக்குப் பிறகு வாங்கோ

இரவு மெயில் என்னை விடியமுன் இறக்கிவிட்டது.
கழுத்துப் பிடித்திருந்தது.
பிறப்புச் சான்றிதழில் நான் யோகறூபி,
கடவுச்சீட்டில் யோகரூபி.
வல்லினமாய்ப் பிறந்து
இடையினமாய்ப் பறக்கப் பார்க்கிறேன்,
அவ்வளவுதான் வழக்கு.

கச்சேரி யன்னலுக்கு உள்ளே ஒருவர்
கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு,
"பதிவேடு மேல்மாடியில.
மூன்று மணிக்குப் பிறகு வாங்கோ."

ஆறு மணித்தியாலம்.
ஒரு பை, ஒரு கோப்பு, கழுத்து வலி.

முதலில் பசி.
சந்தைக்குப் பின்னால் ஜுனைதாவின் கடை,
நாலு வாங்கு, ஒரு மின்விசிறி, அதுவும் கல்லாவைப் பார்த்து.
பிட்டை உதிர்த்து
கணவாய்க் கறியைக் குழியில் ஊற்றினாள்.
கறுத்த குழம்பு, கொறுக்காப்புளி தூக்கல்,
நாக்கு சுட்டது.
"எந்த ஊர்?" என்றாள்.
"இந்த ஊரில் பிறந்தனான்" என்றேன்.
நம்பவில்லை. இன்னொரு அகப்பை ஊற்றினாள்,
அதற்குக் காசு வாங்கவுமில்லை.

இந்த ஊருக்கு இரண்டு கடல்.
ஒன்று விரித்துப் போட்டது,
ஒன்று மடித்து வைத்தது.
விரித்ததில் பெடியன்கள் பந்தடித்தார்கள்,
பந்து நனைந்து கனத்துப் போய்
உதைத்தவனைத்தான் வலிக்கச் செய்தது.
மடித்ததைப் பார்க்க மற்றப் பக்கம் நடந்தேன்.
மலைகளுக்கு நடுவே தண்ணீர் அசையவில்லை.
ஒரு கப்பல், கோதுமையாக இருக்கலாம்,
நங்கூரம் போட்டதையே மறந்து நின்றது.
இதற்காகவா இத்தனை கொடி ஏறி இறங்கியது
என்று கேட்கத் தோன்றியது.
பக்கத்தில் தூண்டில் போட்டவர்
"சத்தம் போடாதேங்கோ, பாரை வருது" என்றார்.
நான் வாயே திறக்கவில்லை.

கோட்டை வாசல் கல்லில் இரண்டு மீன்.
யார் செதுக்கியது என்பதற்கு
ஓட்டோக்காரர் ஒரு கதை சொன்னார்,
ஐஸ்கிறீம்காரர் வேறொன்று,
காவலில் நின்ற சிப்பாய் சிரித்தான்.
மீன்களுக்கு எல்லாம் தெரியும்.

மேலே கோயில், அதற்கும் மேலே காற்று.
மரக்கிளை முழுக்கச் சின்னத் தொட்டில்கள்,
ஒரு சோடி வந்து இன்னொன்று கட்டியது.
முடிச்சு இறுகவில்லை; அவன் பல்லால் இழுத்தான்.
அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள்.
இராவணன் வெட்டில் எட்டிப் பார்த்தேன்,
அடிவயிறு என்னை விட்டுவிட்டு முதலில் விழுந்தது.
வெகு கீழே ஓர் ஆமை
தலையை நீட்டி, ஒரு மூச்சு வாங்கி,
போதும் என்று போய்விட்டது.

இறங்கும் வழியில்தான் மான்.
புள்ளிமான், கொம்பு ஒன்றில் பொலித்தீன் துண்டு.
இறால் வடையின் கடதாசியைத்தான் கேட்கிறது என்று
பையைத் திருப்பினேன்.
அது கோப்பைத் திறந்தது.
ஆள் அடையாள அட்டைப் பிரதி வேண்டாமாம்,
சத்தியக் கடதாசி வேண்டாமாம்,
விண்ணப்பப் படிவத்தை மட்டும்
என் பெயர் இருந்த மூலையிலிருந்து
நிதானமாகச் சப்பத் தொடங்கியது.
இழுத்தேன். கையில் மிஞ்சியது
"அலுவலகப் பாவனைக்கு மட்டும்."

மூன்று பத்துக்கு அதே யன்னல்.
துண்டை நீட்டினேன்.
"மானோ?" என்றார், ஆச்சரியமே இல்லாமல்.
"இந்த மாதம் இரண்டாவது."
இலாச்சியில் இருந்து புதுப் படிவம் எடுத்தார்.
"கையெழுத்து வைக்கிற ஐயா போயிட்டார்,
நாளைக்கு வாங்கோ."

கோபம் வரும் என்று பார்த்தேன்.
கணவாய் இன்னும் வயிற்றில் சூடாக இருந்தது.
பெயர் என்ற இடத்தில் பேனையை வைத்து
கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன்.
"கன்னியாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

அப்போதுதான் முதல் தடவை
தலை நிமிர்ந்து பார்த்தார்.
"நாலேகாலுக்கு. ஏழு கிணறும் ஒரே சூடில்லை,
தலைக்கு ஊத்தமுன்
விரலை வைச்சுப் பாருங்கோ."