பதினொரு டிகிரி

வார லீவுக்கு முந்தின ராத்திரியே
முனிலட்சுமி சொல்லிவிட்டாள்:
தளி ஏரிக்குப் போகிறோம், ஐந்தரை வண்டி,
எழுந்திருக்காதவள் ஹாஸ்டல் உப்புமா தின்னட்டும்.

மூன்று பேர். ஒரே லைன், ஒரே ஷிப்ட்.
போனின் முதுகுத் தகட்டைத் தூசில்லாமல் துடைத்து
அடுத்தவளுக்குத் தள்ளும் வேலை.
முனிலட்சுமிக்குக் கெலமங்கலம் பக்கம்,
எனக்குப் பென்னாகரம்,
சாங்மோவுக்கு
வரைபடத்தை விரலால் கீழே கீழே இழுத்தால்
பச்சை தீர்ந்து வெள்ளை தொடங்கும் இடம்.

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை.
நான் ஸ்வெட்டர், அதன்மேல் துப்பட்டா, அதன்மேல்
கண்டக்டரே சிரித்த குரங்குக் குல்லா.
முனிலட்சுமி அண்ணனின் ஜெர்கினுக்குள் பாதி காணோம்.
சாங்மோ ஒரு பருத்திச் சட்டை.
"பதினொரு டிகிரி" என்று போனைக் காட்டினேன்.
தலையாட்டினாள்,
பேரம் பேசாமலே விலை படிந்தவள் போல.

ஏரி இல்லை.
ஏரி இருக்கவேண்டிய இடத்தில் ஒரே வெள்ளை.
கரை மட்டும் நாலு முழம், நாலு முழமாகக்
காலுக்கு முன்னால் முளைத்துக்கொண்டிருந்தது.
களிமண் வழவழவென்று.
முதல் வளைவிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன்.
உட்கார்ந்தேன் என்றுதான் சொல்வேன்.

சாங்மோ தூக்கிவிட்டாள்.
குதிகாலை முதலில் வைக்காதே,
பாதம் முழுக்க ஒரே நேரத்தில், சின்னச் சின்னதாய்.
மிச்சத்தைச் சொல்லத் தமிழ் இல்லாமல்
வயிற்றைத் தடவிக் காட்டினாள்: நிறைமாதக்காரி நடை.
அப்படியே போனோம், மூன்று வாத்துகள்.
எதிரே அவரை மூட்டையோடு சைக்கிளில் வந்தவர்
இறங்கி வழிவிட்டுத் தெலுங்கில் ஏதோ கேட்டார்.
முனிலட்சுமி கன்னடத்தில் பதில் சொன்னாள்.
எனக்கு மூட்டையின் வாசம் மட்டும் புரிந்தது.
பனி குடித்த அவரைக்கு ஒரு எண்ணெய் வாசம் உண்டு.
பிதுக்கிக் குழம்பு வைக்க
அரைக்கிலோ வாங்கிக்கொண்டோம்.

இதற்கு என்ன பெயர்? மூட்டத்தைக் காட்டினாள்.
பனி.
புல்நுனியில் நிற்பது?
பனி.
எங்கள் கூரையை அழுத்துவது?
அதுவும்தான்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
குளிர்காலம் முழுக்க எப்படிப் பேசுகிறீர்கள்
என்று அவள் கேட்கவில்லை. முகம் கேட்டது.
எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும்,
அவ்வளவு பேச நேரமில்லை என்று சொல்ல
என்னிடம் இந்தி போதவில்லை.

மதகுக்குப் பக்கத்தில் மீன் வண்டி.
கெண்டையைப் பெட்டியில் அடுக்கி முடித்தவர்கள்
மிஞ்சிய ஐஸைக் கரைமேல் கொட்டியிருந்தார்கள்.
பத்தடி இருக்கும்.
செதில் ஒட்டிய, நொறுங்கிய,
ஓரத்தில் லேசாக நீலம் ஓடிய பத்தடி.

சாங்மோ ஏறினாள். நறுக்.
நின்றாள். திரும்ப நடந்தாள். நறுக், நறுக்.
மூன்று தடவை போய்வந்தாள் கண்ணை மூடிக்கொண்டு.
"கவுச்சிம்மா, காலெல்லாம் நாறும்" என்றார் மீன்காரர்.
அவள் மண்டியிட்டுக் காதை வைத்தாள்.

அவள் ஊர் ஏரி ராத்திரியில் பேசுமாம்,
கம்பியை இழுத்துவிட்ட மாதிரி.
பேசுகிற வரைக்கும் மேலே நடக்கலாம்.
வாயை மூடிக்கொண்டால் நம்பக்கூடாது.
நானும் காதை வைத்தேன்.
தூரத்தில் ரோஜாக் கூடாரத்து மோட்டார்,
அப்புறம் ஒரு சொட்டு,
அப்புறம் காது வலி.
"என்ன சொல்கிறது?" முனிலட்சுமி கேட்டாள்.
"வெயில் வருதாம்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்
ஓசூர் வரை காலியாகவே வந்தது.

மறுநாள் லைனுக்கு வெளியே
தரை துடைத்து மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள்.
நாங்கள் மூவரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல்
நிறைமாதத்தில் கடந்துபோனோம்.
பின்னால் சூப்பர்வைசர்.
அவர் குதிகாலை முதலில் வைத்தார்.