சமன் குறி

ஐந்து முகங்கள் வரைந்திருந்தேன்,
சிரிப்பிலிருந்து அழுகை வரை.
மேலே ஒரு கேள்வி: இன்று எப்படி?

மருதமுனை டியூசன் கொட்டில்.
பதினாலு பிள்ளைகள், ஒரு மின்விசிறி.
எல்லாரும் சிரிப்பையே தொட்டார்கள்.

நுஸ்கா தொடவில்லை.
"மிஸ், இது வாப்பாட போன்.
ராவைக்குத்தான் கையில வரும்.
மறுகா அவர் பார்ப்பாரே?"

திரும்பும் பஸ்ஸில், கல்லாறு தாண்டுமுன்
முகங்களை அழித்தேன்.
மேகம், தாமரை, மூச்சுவிடச் சொல்லும் மணி,
அவையும் போயின.

இப்போது அது ஒரு கல்குலேட்டர்.
ஒழுங்காகக் கூட்டும், கழிக்கும்.
சமன் குறியை அழுத்திப் பிடித்தால்
ஒரு வெறும் பெட்டி.

அடுத்த சனி
நுஸ்கா அழுத்திப் பிடித்தாள்.
நெடுநேரம் எழுதினாள்.
என்னவென்று எனக்கும் தெரியாது.
அப்படித்தான் செய்திருக்கிறேன்.