கடைமடையிலிருந்து

நிலத்துக்கு வரப்பு போட்ட நீதிமன்றம்
காருக்குப் போட மறந்துவிட்டது.
அறுபத்தாறாம் வருடத்து ஃபியட்,
அப்பா பெயரிலேயே இருக்கிறது இன்னும்.
ஆகவே முறை வைத்தோம்.
திங்கள், புதன், வெள்ளி எனக்கு.
செவ்வாய், வியாழன், சனி மணவழகனுக்கு.
ஞாயிறு யாருக்கும் இல்லை.
பக்கத்து வீட்டுக் கோழி ஏறி
பானெட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு வருடமாய் பிரேக் இடப்பக்கம் இழுத்தது.
என் நாளில் இழுத்தால்
அவன் தேய்த்தது என்றேன்.
அவன் நாளில் என்ன சொல்லிக்கொண்டானோ.
டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால்
மிதித்தாலும் மிதிக்காத மாதிரி ஓடும் வண்டி.
ஐப்பசியில்
நீடாமங்கலத்தைச் சுற்றி
எந்த ரோட்டில் தண்ணீர் இல்லை?

மூணாறு தலைப்பில், அடைமழையில்,
மிதித்திருக்கிறான். நிற்கவில்லை.
மறுபடி மிதித்ததில் பெடல் தரைவரை போயிற்று.
மதகுக் கம்பியில் மூக்கை நசுக்கிக்கொண்டு
நின்றிருக்கிறது ஃபியட்,
கீழே செம்மண் வெள்ளம்.
அன்று செவ்வாய்.
பின்சீட்டில் கணக்கு நோட்டோடு
என் மகள்.
செவ்வாய்தோறும் மாமாவோடுதான்
டியூஷன் போகிறாளாம்.
பஸ்ஸுக்கு என்று நான் கொடுத்த காசு
என்ன ஆயிற்று என்று
இன்றுவரை கேட்கவில்லை.

கூத்தாநல்லூர் ஜபருல்லா
டிரம்மைக் கழற்றி வாசலில் கவிழ்த்தார்.
கரித்தூளும் சேறும் ஒரு நத்தையும் விழுந்தன.
"முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க் போட்ருவோம்.
மாஸ்டர் சிலிண்டரும் ரெட்டை அறை.
ஒரு லைன் செத்தாலும்
இன்னொண்ணு பிடிக்கும்."
ஒன்று போனாலுமா என்று கேட்டேன்.
இரண்டாம் முறையும் கேட்டேன்.
பில்லின் பாதியை
மணவழகன் கதவிடுக்கில் செருகினேன்.
பணம் வந்தது, ஐம்பது பைசாவை
ஒரு ரூபாயாக்கி.

மாருதியிலிருந்து காலிப்பர்.
அதைத் தாங்கும் பட்டையைக்
கும்பகோணத்தில் கடைந்தார்கள்,
இரண்டு தரம் தப்பாக.
எல்லாம் பூட்டிய வெள்ளிக்கிழமை
கையாள் பையனுக்குக் காய்ச்சல்.
ஜும்மாவுக்கு நேரமாயிற்று ஜபருல்லாவுக்கு.
"காத்து எடுக்கணும். ரெண்டு பேர் வேணும்.
ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் திறக்க.
இடது பின்சக்கரத்துல ஆரம்பிங்க,
மாஸ்டருக்கு எது ரொம்ப தூரமோ அது முதல்ல."
போய்விட்டார், தொப்பியைத் தட்டிக்கொண்டு.

கடைமடைக்கு முதல் முறையா?
இந்த ஜில்லாவில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

சாக்கை விரித்து அடியில் படுத்தேன்.
மேலே கதவு திறந்து மூடியது.
வண்டி ஒருபக்கம் சற்றே தாழ்ந்தது.
எடை போட்டிருக்கிறான்.
"மிதி" என்றேன்.
நான்கு வருடத்தில் அவனிடம் நான் சொன்ன
முதல் சொல்.
"பிடி."
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
ட்யூப் வழியே ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்
துப்பியது, கொப்புளம் கொப்புளமாய்.
மூடினேன்.
"விடு."

இந்த எண்ணெய்க்குத் தண்ணீர் ஆகாது.
கலந்தால் சூட்டில் ஆவியாகிப் பிடியைத் தின்னும்.
மேட்டூர் எப்போது திறக்கும் என்று
வருடம் முழுக்கக் கேட்கும் ஊரில்
தண்ணீரே வேண்டாத ஒரு டப்பாவை
இறுக்கி மூடி வைத்தேன்.

மூன்றாவது சக்கரத்தில் கேட்டான்:
"அவ அரைப் பரிச்சையில என்ன மார்க்?"
"பிடி."
"பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."
நிப்பிளைத் திறக்க மறந்து
படுத்திருந்தேன் கொஞ்ச நேரம்.
அவனும் காலை எடுக்கவில்லை.
"முப்பத்தெட்டு" என்றேன்.
"ஐம்பதுக்கா?"
"நூத்துக்கு."
சிரித்தானா இருமினானா,
அடியிலிருந்து தெரியவில்லை.

சோதனைக்கு நான்தான் ஓட்டினேன். வெள்ளியல்லவா.
பக்கத்தில் உட்கார்ந்தான், கேட்காமல்.
கேட் மூடியிருந்தது, எப்போதும் போல.
வாத்து மந்தை ஒன்று குறுக்கே வர
மிதித்தேன்.
நேராக நின்றது.
நாங்கள் இருவரும் முன்னால் குனிந்தோம்,
ஒரே சமயம், ஒரே அளவு.
மேய்ப்பவன் கும்பிடுவதாக நினைத்துக்
கும்பிட்டான்.

"ஒரு வாரம் ஓட்டுங்க" என்றார் ஜபருல்லா,
"இன்னொரு தரம் காத்து எடுக்கணும்.
அடுத்த ஞாயிறு வர்றேன்.
ரெண்டு பேர் வேணும்."

கோழியை யார் இறக்கிவிடுவது
என்பதை மட்டும்
இன்னும் முடிவு செய்யவில்லை.